வெள்ளச்சி ஏன் சாப்பிடவில்லை?

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் பலர் இட்லி வியாபாரம் செய்கிறார்கள். விடியும் முன்பே இட்லி வெந்துவிடும். அதைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்குவார்கள். தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்பார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆச்சி, அவள் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். இருப்பது ஒரே அறை. ஒரு மூலையில் அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் இருக்கும். மூட்டை இருந்தால் எலி வரும். எலிக்காக ஒரு பூனை வளர்த்தார்கள். வெள்ளை நிறம். அதனால் பெயர் வெள்ளச்சி.

வெள்ளச்சி வந்த பிறகு மூட்டையில் ஓட்டை விழவில்லை. "இவள் சம்பளம் வாங்காத காவல்காரி" என்பாள் ஆச்சி.

அது மழைக்காலம். திங்கட்கிழமை இரவு மருமகள் மீன் தலையை வைத்தாள். வெள்ளச்சி கிட்டே வந்தது. மோந்து பார்த்தது. திரும்பிப் போய் மூலையில் படுத்துக்கொண்டது.

"என்ன அத்தை, மீனைத் தொடமாட்டேங்குது?"

"சின்னவன் வாலை மிதிச்சான்ல, அந்தக் கோவமா இருக்கும். பசிச்சா தானா வரும்மா."

செவ்வாய்க்கிழமையும் வெள்ளச்சி எதையும் தின்னவில்லை. கண்ணில் பீளை கட்டியது. மூக்கில் சளி. அடிக்கடி தும்மியது. அன்று இரவு எலி மூட்டையைக் கறண்டும் சத்தம் கேட்டது. வெள்ளச்சி காதைக்கூட அசைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாத்திரை கொண்டுவந்தார். "காய்ச்சல் மாத்திரைதான். பாதியைப் பொடி பண்ணிப் பாலில் கலந்து குடு" என்றார்.

மருமகள் தயங்கினாள். "மனுசருக்குக் குடுக்கிறது பூனைக்கு ஒத்துக்குமா அக்கா? டாக்டரைக் கேட்டுட்டுக் குடுக்கிறேன்."

அந்தத் தயக்கம்தான் வெள்ளச்சியின் உயிரைக் காத்தது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

மருமகள் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றவள். தினமும் கணக்கு நோட்டில் அரிசி எத்தனை கிலோ, இட்லி எத்தனை என்று எழுதுவாள். அன்று இரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வெள்ளச்சிக்கும் ஒரு கணக்கு எழுதினாள்:

திங்கள் காலை: கருவாடு தின்றது.
திங்கள் இரவு: மீன் தொடவில்லை.
செவ்வாய்: ஒன்றும் தின்னவில்லை. தண்ணீர் இரண்டு தடவை குடித்தது. மூத்திரம் ஒரு தடவை. வாந்தி இல்லை. தும்மல், சளி.

அவள் எழுதியது இவ்வளவுதான்.

பூனை பட்டினி கிடக்கக் கூடாது

நாம் ஒருநாள் விரதம் இருப்போம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நாயும் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும். பூனை அப்படி இல்லை.

பூனை சாப்பிடாவிட்டால் அதன் உடம்பில் உள்ள கொழுப்பு கரையும். கரைந்த கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். பூனையின் ஈரலால் அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்க முடியாது. ஈரல் வீங்கும். வேலை செய்வது குறையும். பிறகு பூனைக்குச் சாப்பிடவே பிடிக்காது. சாப்பிடாததால் ஈரல் கெடும். ஈரல் கெட்டதால் சாப்பிடாது. இப்படியே போனால் பூனை செத்துவிடும்.

இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இந்தக் கேடு தொடங்கலாம். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லையா? மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னக் குட்டி அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே காட்ட வேண்டும். "பசித்தால் தானாக வரும்" என்று காத்திருக்கக் கூடாது.

ஏன் சாப்பிடாது?

சாப்பிடாமல் இருப்பது தனி நோய் அல்ல. வேறு ஏதோ நோய் இருக்கிறது என்பதற்கு அடையாளம். காரணங்கள் பல:

மூக்கடைப்பு: பூனை மோந்து பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது.

வாய் வலி: பல் சொத்தையாக இருக்கலாம். வாயில் புண் இருக்கலாம். மீன் முள் குத்தியிருக்கலாம். இப்படிப்பட்ட பூனை தட்டருகே வரும். பசியோடு பார்க்கும். வாய் வைத்தவுடன் விலகிவிடும். எச்சில் வடியலாம்.

வயிற்றுக் கோளாறு: வாந்தி, கழிச்சல், குடல் புழு போன்றவை. நூலையோ ஊசியையோ விழுங்கியும் இருக்கலாம்.

மூத்திர அடைப்பு: ஆண் பூனைக்கு இது அதிகம் வரும். மண்ணில் போய் உட்காரும். முக்கும். கத்தும். ஒரு சொட்டுத்தான் வரும். அதுவும் வராமல் போகலாம். மலச்சிக்கல் என்று பலர் நினைத்துவிடுவார்கள். இது ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

விஷம்: எலி மருந்தைத் தின்றிருக்கலாம். மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம்.

கிழப் பூனையின் சிறுநீரக நோய்: தண்ணீர் நிறையக் குடிக்கும். மூத்திரம் நிறையப் போகும். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வரும்.

இவற்றில் எது காரணம் என்று வீட்டில் இருந்தபடி சொல்வது கடினம். ஆனால் சில அடையாளங்களை நாமே பார்க்கலாம்.

நீங்களே பார்க்கக்கூடியவை

ஈறு: மேல் உதட்டை மெல்லத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. வெளுத்தோ, மஞ்சளாகவோ, நீலமாகவோ இருந்தால் ஆபத்து.

தோல்: இரண்டு தோளுக்கும் நடுவே தோலை மெல்ல இழுத்து விடுங்கள். உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

மூச்சு: பூனை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இருக்கும். 40-க்கு மேல் போனால் கோளாறு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். வலியில் இருக்கும் பூனை பழகிய கையையும் கடிக்கும். துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பூனை முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது, காரணம் இல்லாமல் பாய்ந்து கடிக்க வருகிறது என்றால் தொடவே கூடாது. அது வெறிநோயாகவும் இருக்கலாம். பிள்ளைகளை விலக்குங்கள். மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கொடுக்கக் கூடாதவை

காய்ச்சல் மாத்திரை வேண்டாம்: பாராசிட்டமால் நமக்கு மருந்து. பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. அது பூனையின் இரத்தத்தையே கெடுத்துவிடும். பிறகு பூனை மூச்சுத் திணறிச் சாகும். பாதி மாத்திரைகூடக் கொல்லும். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம்.

தைலம் தடவாதீர்கள்: பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். உடம்பில் தடவுவதெல்லாம் வயிற்றுக்குப் போகும். தலைவலித் தைலம், கற்பூரம், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம்.

பினாயில் வேண்டாம்: பூனை படுக்கும் இடத்தைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

பாலும் வேண்டாம்: பூனைக்குப் பால்தான் உணவு என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கழிச்சல் போகும். நோயாளிப் பூனையின் உடம்பில் உள்ள நீரும் குறைந்துவிடும்.

வெங்காயமும் பூண்டும் வேண்டாம்: இவையும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மீன் குழம்பில் ஊறிய சோற்றை நோயாளிப் பூனைக்கு வைக்காதீர்கள்.

நூலை இழுக்காதீர்கள்: வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் அப்படியே விடுங்கள். இழுத்தால் உள்ளே குடல் அறுந்துபோகும். மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

புதன்கிழமை காலை. இட்லி வியாபாரம் முடிந்தது. மகன் ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். காற்றுப் போக ஓட்டைகள் போட்டான். உள்ளே பழைய துண்டை விரித்தான். வெள்ளச்சியை வைத்து மூடிக் கயிறு கட்டினான்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வண்டிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவிடும். மூடிய கூடை அல்லது பெட்டிதான் சரி.

மும்பையில் பரேல் என்ற இடத்தில் விலங்குகளுக்குப் பெரிய மருத்துவமனை இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மருமகளும் ஆச்சியும் அங்கே போனார்கள்.

மருத்துவர் கேட்டார்: "எப்போதிலிருந்து சாப்பிடவில்லை? தண்ணீர் குடிக்கிறதா? மூத்திரம் போகிறதா? வாந்தி உண்டா?"

மருமகள் நோட்டைப் பிரித்தாள். தமிழில் எழுதியதைப் பார்த்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். மருத்துவர் ஒவ்வொன்றையும் சீட்டில் குறித்துக்கொண்டார். பூனை வாய் திறந்து சொல்லாது. அதற்காக இந்த நோட்டு பேசியது.

"மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?"

"இல்லை. ஒருத்தர் காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை."

"கொடுத்திருந்தால் இன்று பூனையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றார் மருத்துவர்.

அவர் வெப்பமானி வைத்துப் பார்த்தார். 104 டிகிரி இருந்தது. பூனையின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம். 101, 102 டிகிரி அதற்கு இயல்பு. 104 என்றால் நல்ல காய்ச்சல். நாக்கில் புண்ணும் இருந்தது. இது பூனைச் சளிக்காய்ச்சல். ஒரு பூனையிடமிருந்து இன்னொரு பூனைக்குத் தொற்றும். மூக்கடைப்பால் வாசனை தெரியவில்லை. புண்ணால் விழுங்க முடியவில்லை. வெள்ளச்சி சாப்பிடாததற்கு இதுதான் காரணம்.

ஊசி போட்டார். தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னார்.

பிறகு ஆச்சியின் கையைப் பார்த்தார். சிவந்த கீறல் ஒன்று இருந்தது. முந்தின நாள் வாயைத் திறந்து பார்க்கப் போனபோது வெள்ளச்சி பிறாண்டியது.

"இதைச் சும்மா விடாதீர்கள், அம்மா. பூனையாலும் வெறிநோய் வரும். வந்தால் மருந்து இல்லை. வராமல் தடுக்க ஊசி இருக்கிறது" என்றார்.

அன்றே ஆச்சி அரசு மருத்துவமனைக்குப் போனாள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டாள். சொன்ன தேதிகளில் மற்ற ஊசிகளையும் போட்டாள். தேதியை மருமகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் முதலில் செய்ய வேண்டியது இது: காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மருத்துவர் சொன்னதை மருமகள் அப்படியே செய்தாள். நீங்களும் செய்யலாம்.

1. இடம்: காற்று அடிக்காத, கதகதப்பான, இருட்டான மூலையில் படுக்கை போடுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்க வேண்டாம். தண்ணீரும் மண் தட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் சாப்பாட்டுத் தட்டையும் மண் தட்டையும் ஒட்டி வைக்காதீர்கள்.

2. மூக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனையுங்கள். மூக்கையும் கண்ணையும் மெல்லத் துடையுங்கள். சாப்பாடு வைக்கும் முன் துடைப்பது நல்லது. நீராவியும் மூக்கடைப்பை இளக்கும். அந்த வீட்டில் இட்லி வேகும் நேரம் அறை முழுவதும் ஆவி நிற்கும். அந்த நேரத்தில் வெள்ளச்சியின் படுக்கையை அறைக்குள் வைத்தார்கள். அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தார்கள். ஆவியை நேராக முகத்தில் பிடிக்கக் கூடாது. சுட்டுவிடும்.

3. உணவு: மீனையோ கோழியையோ வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, மிளகாய், மசாலா வேண்டாம். முள்ளும் எலும்பும் எடுத்துவிடுங்கள். கையால் மசியுங்கள். வெந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குழையுங்கள். வெதுவெதுப்பாக வையுங்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு. சூடு சரிதானா என்று மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

4. அளவு: ஒரு தேக்கரண்டி போதும். நாளைக்கு ஆறு, ஏழு தடவை வையுங்கள். அரை மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை புதிதாக வையுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் தடவிப் பாருங்கள். நக்கத் தொடங்கினால் சாப்பிட வாய்ப்பு உண்டு.

5. மருந்து: மருந்தைப் பிடித்த உணவில் கலக்காதீர்கள். கசப்புத் தெரிந்தால் அந்த உணவையே வெறுத்துவிடும். எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

6. ஊட்டுவது: மருத்துவர் சொன்னால் மட்டும் ஊட்டுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் நீர்த்த உணவை எடுங்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்ததை விடுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். உணவு மூச்சுக்குழாயில் போய்விடும். மயங்கிக் கிடக்கும் பூனைக்கும், வாந்தி எடுக்கும் பூனைக்கும், மூச்சுத் திணறும் பூனைக்கும் ஊட்டவே கூடாது.

7. சுத்தம்: தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வேறு பூனை இருந்தால் தனியே வையுங்கள். மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூனையின் மலத்தில் உள்ள ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம்.

வராமல் தடுக்கலாம்

பூனைச் சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. குட்டிகளை வாந்தி, கழிச்சலில் கொல்லும் இன்னொரு கொடிய நோய்க்கும் அதே ஊசியில் காப்பு கிடைக்கும். குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் முதல் ஊசி. மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. வெறிநோய் ஊசி பூனையையும் காக்கும். வீட்டில் உள்ளவர்களையும் காக்கும். எப்போது மறுபடி போட வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் எலி மருந்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். பூனை மருந்தைத் தின்றுவிட்டால் அந்தப் பாக்கெட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் ஊரில் அரசு கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள். அங்கே மாடு மட்டும் அல்ல, பூனையையும் காட்டலாம். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

நோட்டின் கடைசி வரி

வியாழன் அன்று வெள்ளச்சி தண்ணீர் மட்டும் குடித்தது. வெள்ளியன்று மருமகள் விரலில் இருந்த மீனை நக்கியது. மறுபடியும் மருத்துவமனை போய்த் திரவம் ஏற்றி வந்தார்கள். சனிக்கிழமை விடியற்காலை. இட்லி வெந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி மெல்ல எழுந்து வந்தது. தட்டை மோந்து பார்த்தது. இந்த முறை விலகவில்லை.

"அத்தை, இங்க பாருங்க!"

ஆச்சி அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகள் நோட்டை எடுத்து எழுதினாள்:

சனி காலை: இரண்டு தேக்கரண்டி மீன் தின்றது.

நினைவில் வையுங்கள்

* வளர்ந்த பூனை 24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி என்றால் அரை நாள்.
* மனிதருக்கான மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்.
* மூத்திரம் வராமல் முக்கினால், வாய் திறந்து மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்தால், வலிப்பு வந்தால், விஷம் தின்றால் உடனே ஓடுங்கள்.
* சாப்பாடு, தண்ணீர், மூத்திரம், வாந்தி: நான்கையும் நாள்தோறும் எழுதி வையுங்கள்.
* பிறாண்டினாலும் கடித்தாலும் 15 நிமிடம் கழுவுங்கள். ஊசி போடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. வெள்ளச்சி ஏன் சாப்பிடவில்லை? முதலில் ஆச்சி என்ன நினைத்தாள்?
2. மருமகள் மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. நோட்டில் எழுதியது மருத்துவருக்கு எப்படி உதவியது?
4. உங்கள் வீட்டில் உள்ள ஆடு, மாடு, கோழி, பூனை ஏதாவது ஒன்றுக்கு இன்று ஒரு பக்கம் எழுதுங்கள். அது என்ன தின்றது? எவ்வளவு தண்ணீர் குடித்தது?